1,240 கிராம் மகனும் பக்கத்துப் பெட்டிப் பெண் குழந்தையும்

என் மகன் 29ஆம் வாரத்தில் 1,240 கிராம் எடையோடு பிறந்தான். இப்போது வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், மிக்சி சத்தம் கேட்டால் கத்துகிறான். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன், பயந்துகொண்டே படிக்க வேண்டாம். குழந்தையை இன்குபேட்டர் பெட்டியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் அம்மா அப்பாக்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் அப்படித் தேடியபோது கிடைத்தவற்றில் பாதி பயமுறுத்தின, மீதி சாமியை வேண்டிக்கொள்ளச் சொன்னன. எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு செய்தி. ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தைகளில் ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளைவிட அதிகம் திணறும், அது யார் செய்த தப்பும் இல்லை என்பது. அதை யாரும் சொல்லாததால் நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை.

நான் ராசிபுரத்துப் பக்கம். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவருக்கு ஷார்ஜாவில் கட்டுமான வேலை. கம்பெனி மாறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததால் லீவு என்று வாயைத் திறக்க முடியாத நிலை. ஏழாம் மாதம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு ராத்திரி திடீரென்று படுக்கை நனைந்தது. நீர்க்குடம் உடைந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். டிரிப்ஸ் ஏற்றிவிட்டு, "காத்தால டாக்டரம்மா வந்து பாப்பாங்க, தூங்குங்க" என்றார்கள். விடிந்த பிறகு, "இங்க பெட்டி வசதி இல்லீங்க, சேலம் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார்கள். அது ராத்திரியே தெரியாதா? வீணாய்ப் போன அந்த மணி நேரங்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஏன் என்று சொல்கிறேன். குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிடும் என்று தெரிந்தால் அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். வார்டில் அதை "லங்ஸ் ஊசி" என்றுதான் சொல்கிறார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தையின் நுரையீரலை அது சீக்கிரம் தயார் செய்யும். டெக்சாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி, பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் 2 ஊசி. முழுப் பலன் கிடைக்க முதல் ஊசிக்குப் பிறகு ஒரு நாளாவது வேண்டும். நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு டாக்டர்கள் 1972லேயே நிரூபித்த விஷயம் இது. விலையோ மிகக் குறைவு. எனக்குச் சேலத்தில் முதல் ஊசி போட்டார்கள், இரண்டாவது ஊசிக்கு நேரம் வருவதற்குள் அவன் வந்துவிட்டான். அதனால் 34 வாரத்துக்கு முன் வலியோ, நீர் உடைவதோ, ரத்தப்போக்கோ எது வந்தாலும் வாசலிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள். "லங்ஸ் ஊசி போடுறீங்களா? இந்த எடைக் குழந்தையைப் பார்க்க இங்க என்.ஐ.சி.யு, அதாவது பச்சிளங்குழந்தை ஐ.சி.யு இருக்கா?" இல்லை என்றால் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பிறந்த பிறகு ஆம்புலன்சில் கொண்டுபோவதைவிட அம்மாவின் வயிற்றில் போவது எவ்வளவோ பத்திரம். பிறந்த பிறகுதான் மாற்றியாக வேண்டும் என்றால், 108இல் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே இன்குபேட்டர் வைத்த வண்டிகள் இருக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள்.

பிறந்ததும் அவன் அழுதான். அத்தை அதைக் கேட்டுவிட்டு வெளியே எல்லோருக்கும் போன் போட்டு, "பையன், நல்லா அழுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்திலேயே முனகல் மூச்சு, விலா உள்ளே இழுப்பு. குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் காற்றுப் பைகள் மூடிக்கொள்ளாமல் வைத்திருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் போதுமான அளவு இருக்காது. புது பலூனை முதல் தடவை ஊதும்போது எவ்வளவு தம் கட்ட வேண்டியிருக்கும்? அந்தக் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் அப்படித் தம் கட்டுகிறது. குழாய் வழியாக சர்ஃபாக்டன்ட் மருந்தை உள்ளே விட்டார்கள். ஒரு குப்பியே 15,000 ரூபாய்க்கு மேல், அவனுக்கு இரண்டாவது குப்பியும் தேவைப்பட்டது. வென்டிலேட்டர், பிறகு மூக்கில் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப், மறுபடி வென்டிலேட்டர், மறுபடி சிபாப். ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த அந்த வாரங்களில் நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்பதே நினைவில்லை.

பக்கத்துப் பெட்டியில் ஒரு பெண் குழந்தை. 1,110 கிராம். என் மகனைவிட எடை குறைவு, பார்க்கவே ஒரு கைப்பிடிதான் இருப்பாள். அவளுக்கு வென்டிலேட்டரே போடவில்லை. சில நாள் சிபாப், அப்புறம் மூக்கில் மெல்லிய குழாய், அப்புறம் அதுவும் இல்லை. என் மகன் இன்னும் மெஷினில் கிடக்க, அவள் பாலாடையில் பால் குடிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு என்.ஐ.சி.யு.வில் மனிதரைக் கொல்வது இந்த ஒப்பீடுதான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "அந்தப் புள்ளைய விட நம்ம பையன் வெயிட்டு, அப்பறம் ஏன் இவனுக்கு மட்டும் இப்படி?" கேள்வி டாக்டரைப் பார்த்துக் கேட்டதில்லை, என்னைப் பார்த்துக் கேட்டது. கர்ப்பத்தோடு பஸ் ஏறி ஸ்கூலுக்குப் போனது, மாடிப்படி ஏறியது, பப்பாளி சாப்பிட்டது வரை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். அப்பத்தா ஒருத்தர்தான் ஆறுதலாக, "ஏழு மாசத்துப் புள்ள தங்கிரும் கண்ணு, எட்டு மாசம்தான் தங்காது" என்றார். அதுவும் தப்பு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். ஆனாலும் அன்றைக்கு அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன், பொய் சொல்லவில்லை.

அங்கே ராத்திரி டூட்டி பார்த்த ஒரு இளம் டாக்டரம்மாதான் எனக்கு விஷயத்தை விளக்கினார். "எடையைப் பார்க்காதீங்கம்மா, வாரத்தைக் கேளுங்க. அந்தப் பாப்பா 30 வாரம் முடிஞ்சு பொறந்தது, வயித்துல சரியா வளராததால எடை கம்மி. உங்க பையன் 29. அதோட அவன் பையன் வேற. பசங்க கொஞ்சம் லேட்டாத்தான் மெஷின விட்டு வருவாங்க." நான் விழித்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஒரே வாரத்தில் பிறக்கும் ஆணும் பெண்ணும் ஒரே எடை இருப்பதில்லை, சராசரியாக ஆண் கொஞ்சம் கூடுதல் எடை இருக்கும். அப்படியானால் ஒரே எடையில் இருக்கும் ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெரும்பாலும் பெண்தான் வயிற்றில் அதிக நாள் இருந்தவள், முதிர்ச்சியிலும் முன்னே இருப்பவள். அது போக, ஒரே வாரத்தில் பிறந்தவர்களை ஒப்பிட்டாலும் வித்தியாசம் மறைவதில்லை. ஆண் சிசுவின் உடம்பில் சுரக்கும் ஆண் ஹார்மோன், நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் உருவாவதைத் தாமதப்படுத்துகிறது. பெண் சிசுவுக்கு அந்தத் தடை இல்லை.

கணக்கு டீச்சர் புத்தி சும்மா இருக்குமா. அப்புறம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பல பெரிய ஆஸ்பத்திரிகள் சேர்ந்த ஒரு ஆய்வுக் கூட்டமைப்பு, 1990களின் தொடக்கத்தில் ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைகளின் கணக்கை எடுத்து 2000இல் வெளியிட்டது. ஆண்களில் 22 சதவீதமும் பெண்களில் 15 சதவீதமும் இறந்திருந்தார்கள். மூச்சுத் திணறல், நீண்ட நாள் ஆக்சிஜன் தேவை, மூளைக்குள் ரத்தக் கசிவு போன்ற சிக்கல்களிலும் ஆண்களுக்கே பாதகம். 22 முதல் 25 வாரத்தில் பிறந்த இன்னும் சின்னக் குழந்தைகளைப் பற்றி 2008இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இதையே வேறு மாதிரி சொன்னது. பெண்ணாகப் பிறப்பது, அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருப்பது, இரட்டையாக இல்லாமல் ஒற்றையாகப் பிறப்பது, எடையில் 100 கிராம் கூடுவது, இவை ஒவ்வொன்றும் வயிற்றில் ஏறக்குறைய ஒரு வாரம் கூடுதலாக இருந்ததற்குச் சமமான பலன் தருகிறதாம். என் மகனுக்கும் பக்கத்துப் பெட்டிக்காரிக்கும் இடையே காகிதத்தில் இருந்தது ஒரு வாரம். பெண் என்பதற்கு இன்னொரு வாரம் என்று நானாக மனக்கணக்குப் போட்டுக்கொண்டேன். 29 வாரக் குழந்தைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதும் தெரியும். ஆனால் பஸ்ஸும் பப்பாளியும் இதில் எங்கேயும் வரவில்லை, அது போதும் எனக்கு.

இந்த எண்களைப் பார்த்து ஆண் குழந்தை பெற்றவர்கள் உடைந்துபோகக் கூடாது. 22 சதவீதம் போனார்கள் என்றால் 78 சதவீதம் பிழைத்தார்கள். அதுவும் முப்பது வருடத்துக்கு முந்தைய சிகிச்சையில். இப்போது நல்ல என்.ஐ.சி.யு. உள்ள இடங்களில் நிலைமை அதைவிட மேல். பெண் குழந்தை பெற்றவர்கள் அலட்சியமாக இருக்கவும் முடியாது, 15 சதவீதம் சின்ன எண் இல்லை. இந்த எண்களெல்லாம் ஒரு கூட்டத்தைப் பற்றியவை. உங்கள் குழந்தை எப்படி இருக்கிறது என்பதை அவனுடைய சாச்சுரேஷனும் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு), ரத்தப் பரிசோதனையும், தலை ஸ்கேனும்தான் சொல்லும். தினமும் டாக்டர் கூப்பிட்டுப் பேசுவார், கையெழுத்து வாங்குவார். அப்போது "எப்படி இருக்கான்" என்று மட்டும் கேட்டால் "அப்படியேதான்" என்றுதான் பதில் வரும். நேற்று ஆக்சிஜன் எத்தனை சதவீதம், இன்று எத்தனை? மூச்சு நின்று நின்று வருகிறதா, மூச்சைத் தூண்டும் காஃபீன் மருந்து ஓடுகிறதா? தலை ஸ்கேன் எடுத்தாயிற்றா, ரத்தக் கசிவு இருக்கிறதா? பால் எத்தனை மில்லி, வயிறு உப்பியிருக்கிறதா? இப்படிக் கேளுங்கள், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் எழுதிய நோட்டைப் பார்த்துத்தான் ஒரு நாள் ஆக்சிஜன் 40இலிருந்து 30க்கு வந்திருப்பதே எனக்கு உறைத்தது. நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. வயிற்றில் இருந்த வாரங்களையும் சேர்த்து 36 வாரக் கணக்கு வரும்போதும் ஆக்சிஜன் தேவைப்பட்டால் அதை நாள்பட்ட நுரையீரல் பிரச்சினை என்று குறிப்பார்கள். என் மகன் அந்தக் கோட்டைத் தாண்டிக் கொஞ்ச நாள் கழித்துத்தான் மூக்குக் குழாயை விட்டான்.

அந்தப் பெண் குழந்தையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடம்பு அவளுக்குச் சாதகமாக இருந்தது, வீடு அப்படி இல்லை. அவள் நன்றாகத் தேறிக்கொண்டிருந்தபோதே வீட்டுப் பெரியவர்கள் பில்லைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "பொட்டப் புள்ளைக்கு இவ்ளோ செலவா" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். அதே வராந்தாவில் என் மாமனார், "பையனுக்கு எவ்ளோ ஆனாலும் பார்த்துக்கலாம், நெலத்த வித்தாவது பார்த்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதலில் ஆரம்பித்ததே இதே சேலத்தில்தான், அதற்கு என்ன காரணம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இயற்கை பெண்ணுக்குக் கொடுக்கும் ஒரு வாரச் சலுகையை நாம் பேச்சிலேயே பறித்துவிடுகிறோம். அந்தப் பாப்பாவின் அம்மா வாய் திறந்து பேசாத பெண், ஆனால் விடவில்லை. பாதியில் வீட்டுக்குத் தூக்கிப்போக மாட்டேன் என்று நின்று, டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டு போனார். பணம் முடியவில்லை என்றால் அதுதான் வழி. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குத் தூக்கிப்போவது வழியே இல்லை.

பணக் கதையையும் மறைக்காமல் சொல்கிறேன். மெஷினில் இருந்த நாட்களில் ஒரு நாள் வாடகை மட்டும் 14,000 ரூபாய். மருந்து, எக்ஸ்ரே, எக்கோ, ரத்தம், வெளியிலிருந்து வரும் டாக்டர் ஃபீஸ் எல்லாம் தனி. இரண்டு மாதத்துக்கும் மேல் இருந்து வெளியே வரும்போது மொத்தம் 9 லட்சத்தைத் தாண்டிவிட்டது. என் நகை முழுவதும் அடகில், கணவர் நண்பர்களிடம் கைமாற்று, பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு. எங்களிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது. அதில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் நாங்கள் சேர்ந்த இடம் பச்சிளங்குழந்தை சிகிச்சைக்கு அந்தத் திட்டத்தில் இல்லை என்பது பில் கவுன்டரில்தான் தெரிந்தது. சேரும்போதே, அம்மாவுக்கு மட்டுமல்லாமல் குழந்தைக்கும் அட்டை செல்லுமா என்று தனியாகக் கேளுங்கள். கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தால் பிறந்த குழந்தையைப் பாலிசியில் சேர்க்கக் காலக்கெடு உண்டு, முதல் வாரத்திலேயே எச்.ஆருக்கு எழுதிவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கான சிகிச்சை, மருந்து, போக்குவரத்து எல்லாமே இலவசம், ஒரு வயது வரைக்கும். அங்கே கூட்டம் இருக்கும்தான். ஆனால் குறைமாதக் குழந்தைகளைத் தினம் தினம் பார்க்கிற கைகள் அங்கே இருக்கின்றன. எனக்கு இன்னொரு தடவை என்றால் முதலில் அங்கேதான் போவேன்.

நீங்கள் மட்டுமே கொடுக்கக்கூடியது ஒன்று, தாய்ப்பால். பிறந்த சில மணி நேரத்திலேயே பிழிய ஆரம்பித்து, ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டும். முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அந்த 2 மில்லி சீம்பாலையும் கொட்டாமல் கொண்டுபோய்க் கொடுங்கள். குடல் அழுகும் நோய் என்று ஒன்று இந்தக் குழந்தைகளைப் பிடிக்கும், தாய்ப்பால் அதற்குப் பெரிய தடுப்பு. பால் வரவில்லை என்றால் பவுடருக்குப் போவதற்கு முன் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இருக்கிறது. அடுத்தது கங்காரு முறை, அதாவது குழந்தையைத் துணியில்லாமல் நெஞ்சோடு ஒட்டிக் கட்டிக்கொள்வது. டெல்லி ஆஸ்பத்திரி ஒன்று உட்பட ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை உள்ள குழந்தைகளை, உடம்பு நிலையாகும் வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே இப்படி வைத்ததில் இறப்பு கால்வாசி குறைந்தது. எங்களுக்கு அவன் சிபாப்பை விட்ட பிறகுதான் அனுமதித்தார்கள். நீங்கள் தினமும் கேட்டுக்கொண்டே இருங்கள். அம்மாதான் வைக்க வேண்டும் என்றில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது அத்தைதான் வைத்துக்கொண்டார். என்னைப் பேசியதற்கு அவர் இதுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை, ஆனால் அசையாமல் மணிக்கணக்கில் அவனைச் சுமந்து உட்கார்ந்திருந்தார். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். கணவர் ஒருவழியாக லீவில் வந்தபோது அவரும் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்து 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை நடந்திருக்க வேண்டும், விழித்திரை முழுமையாக வளரும் வரை அது தொடரும். 28 வாரத்துக்குக் கீழே பிறந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்திலேயே. இதில் ஒரு தேதியைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள், பார்வை போனால் திரும்பாது. காது பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில், தலை நிற்பது, உட்காருவது எல்லாம் பிரசவத்துக்குக் குறித்த தேதிக் கணக்கில். கைகால் இறுக்கமாகவோ தளர்வாகவோ தெரிந்தால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் பிசியோதெரபி இலவசம்.

ஆண் குழந்தைக்கு மட்டும் இன்னொரு கவனம். குறைமாத ஆண் குழந்தைகளுக்குக் குடலிறக்கம் மிகச் சாதாரணம். அவன் அழும்போது தொடை இடுக்கில் ஒரு பக்கம் புடைத்து, அழுகை நின்றதும் உள்ளே போனது. நான் போனில் வீடியோ எடுத்து சர்ஜனிடம் காட்டினேன், ஏனென்றால் டாக்டர் முன்னால் அது வரவே வராது. புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, குழந்தை வாந்தி எடுத்தால் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். ஆபரேஷன் சின்னதுதான், ஆனால் குறைமாதத்தில் பிறந்த இளம் குழந்தைக்கு மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சு நின்று வரலாம். அன்றே வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லும் இடம் வேண்டாம், ராத்திரி மானிட்டரில் வைத்துப் பார்க்கும் இடமாகப் பாருங்கள். விரை இறங்கியிருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். குறைமாதத்தில் பலருக்கு இறங்கியிருக்காது, ஆறு மாதம் வரை தானாக இறங்குகிறதா என்று பார்ப்பார்கள், அப்புறமும் இல்லை என்றால் ஆபரேஷன். எங்களுக்கு ஒரு பக்கம் தானாகவே இறங்கிவிட்டது. மறு பக்கத்துக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள், இந்த முறை அரசு ஆஸ்பத்திரியில்.